எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானம் விழுவது எப்படி?

சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற சிறிய விமானம் விழுந்து அனைவரும் உயிரிழந்தனர் என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. இரண்டாவது வரியிலேயே 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக இருக்கலாம்' என்று எழுதியிருப்பார்கள். ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து விசாரணை அறிக்கை வெளிவரும். அதற்குள் எல்லோரும் அந்த விபத்தை மறந்திருப்பார்கள். அதனால் வாசகர் மனதில் தங்குவது முதல் நாள் ஊகம் மட்டுமே: பழைய விமானம், எஞ்சின் நின்றிருக்கும்.

வன்னியில் பல வீடுகளுக்கு சூரிச்சிலோ ரொறன்ரோவிலோ ஓர் உறவு இருக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுடன் பனிமலையை மேலிருந்து பார்க்க டிக்கெட் எடுப்பவர்கள் அவர்கள்தான். செய்தி வந்ததும் இங்கிருந்து பதறித் தொலைபேசி எடுப்பவர்கள் நாம். போர்க்காலத்தில் இரைச்சலை வைத்தே கிபிர் குண்டுவீச்சு விமானமா, 'வண்டு' என்ற ஆளில்லா வேவு விமானமா என்று பிரித்தறிந்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. ஆனால் ஒரு விமானம் மேலே நிற்பது எதனால், விழுவது எதனால் என்று நமக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

சுற்றுலாப் பறப்பு எந்த வகையில் வேறு?

கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் பெரிய விமானத்துக்குப் பாதை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. பத்தாயிரம் மீற்றர் உயரம், தரையிலிருந்து கட்டுப்பாட்டாளரின் கண்காணிப்பு, முகிலுக்குள்ளும் வழிகாட்டும் கருவிகள் எல்லாம் உண்டு. எங்காவது போய்ச் சேர்வதே அதன் வேலை.

சுற்றுலாப் பறப்பு பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். அங்கே விற்கப்படும் பொருள் காட்சி. காட்சி நன்றாகத் தெரிய வேண்டுமானால் தாழ்வாக, மெதுவாக, மலைக்கு அருகே பறக்க வேண்டும். இரண்டு பக்க யன்னலோரத்தாரும் படம் எடுக்க வேண்டுமானால் திரும்பித் திரும்பிப் பறக்க வேண்டும். பெரும்பாலும் விமானி கண்ணால் பார்த்தே ஓட்டுகிறார். இதைக் 'கட்புல விதிப் பறப்பு' என்பார்கள். முகிலுக்குள் நுழையக்கூடாது என்பது இதன் முதல் விதி.

எந்த விமானிக்கும் தவறு நேர்ந்தால் செலவழிக்க மூன்று கையிருப்புகள் உண்டு: உயரம், வேகம், திரும்ப இடம். ஒன்று குறைந்தால் மற்றொன்றைக் கொடுத்துச் சமாளிக்கலாம். உயரம் இருந்தால் மூக்கைத் தாழ்த்தி வேகம் பெறலாம். வேகம் இருந்தால் மூக்கை நிமிர்த்தி உயரம் பெறலாம். சுற்றுலாப் பறப்பின் சிக்கல் என்னவென்றால், பயணி காசு கொடுத்து வாங்குவதே இந்த மூன்றின் குறைவைத்தான். தாழ்வு, மெது, நெருக்கம். எஞ்சின் பழுதாவதற்கு முன்பே கையிருப்பு பாதி கரைந்திருக்கிறது.

ஸ்டால்: ஒரு சொல், இரண்டு பொருள்

மோட்டார் சைக்கிள் எஞ்சின் இடையில் நின்றுபோனாலும் ஸ்டால் என்கிறோம். விமானத்தில் அதே சொல்லுக்கு எஞ்சினோடு தொடர்பே இல்லை. 'ஸ்டால் ஆகி விழுந்தது' என்று வெளிநாட்டுச் செய்தியில் வருவதைப் பார்த்து 'எஞ்சின் நின்று விழுந்தது' என்று நம் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். குழப்பத்தின் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

ஏ9 வீதியில் ஓடும் பஸ்ஸின் யன்னலுக்கு வெளியே கையைத் தட்டையாக நீட்டிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும் (நடத்துநர் திட்டும் வரை). கையின் முன்விளிம்பைச் சற்று உயர்த்தினால் காற்று கையை மேலே தள்ளும். அதிகம் உயர்த்தினால் மேலே தள்ளுவது நின்று, கை பின்னால் அடிபடும். விமானத்தின் இறக்கையும் அப்படித்தான். குறிப்பிட்ட கோணம் வரை சாய்வு கூடக் கூடத் தூக்குவிசையும் கூடும். அந்தக் கோணத்தைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்துவிடும், தூக்குவிசை சரியும். இதுவே ஸ்டால். எஞ்சின் முழு வேகத்தில் முழங்கிக்கொண்டிருக்கும்போதும் இது நடக்கலாம்.

வேகம் குறைந்தால் அதே எடையைத் தாங்க இறக்கை இன்னும் சாய வேண்டியிருக்கும்; அதனால்தான் ஸ்டாலை ஒரு வேகத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். ஆனால் அந்த வேகம் நிலையான எண் அல்ல. திரும்பும்போது அது உயரும்.

திருப்பத்துக்குக் கொடுக்கும் விலை

விமானம் திரும்புவதற்குப் பக்கவாட்டில் சரிய வேண்டும். சரிந்த இறக்கை தன் தூக்குவிசையில் ஒரு பகுதியைத் திருப்பத்துக்குக் கொடுத்துவிடுகிறது. மிச்சத்தைக் கொண்டு எடையைத் தாங்க வேண்டுமானால் மொத்தத் தூக்குவிசை கூட வேண்டும். நேராகப் பறக்கையில் மணிக்கு 90 கிலோமீற்றரில் ஸ்டால் ஆகும் ஒரு சிறிய விமானத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் இழக்காமல் திரும்பினால்:

1. 30 பாகை சரிவில் ஸ்டால் வேகம் ஏறத்தாழ 97 கிலோமீற்றர்.
2. 45 பாகையில் ஏறத்தாழ 107.
3. 60 பாகையில் ஏறத்தாழ 127. இந்த நிலையில் இருக்கையில் இருப்பவர் தன் எடையை இரண்டு மடங்காக உணர்வார்.

இனி இடம். மணிக்கு 165 கிலோமீற்றர் வேகத்தில் 30 பாகை சரிந்து வந்த வழியே திரும்ப, பக்கவாட்டில் ஏறத்தாழ 740 மீற்றர் அகலம் வேண்டும். 45 பாகை சரிந்தால் 430 மீற்றர் போதும். வேகம் இரண்டு மடங்கானால் அகலம் நான்கு மடங்காகும்.

உழவு இயந்திரத்தைப் பெட்டியோடு குறுகிய ஒழுங்கைக்குள் கொண்டுபோனவருக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஆனால் உழவு இயந்திரத்தை நிறுத்திப் பின்னால் எடுக்கலாம், விமானத்தால் முடியாது. குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழைந்த விமானி, முன்னால் மலை தன் ஏற்றத்தைவிட வேகமாக உயர்வதைக் காண்கிறார். இறுக்கமாகத் திரும்ப வேகத்தைக் குறைக்க வேண்டும், சரிவைக் கூட்ட வேண்டும். இரண்டுமே அவரை ஸ்டாலை நோக்கித் தள்ளுகின்றன. அந்த நிலைக்கு வந்தபின் எந்தத் திறமையும் அதிகம் உதவாது. திறமை உதவியிருக்க வேண்டிய இடம் பள்ளத்தாக்கின் வாயில்.

வெப்பமான காற்று மெலிந்த காற்று

விமானத்துக்கு உயரம் என்பது மீற்றரில் அளக்கும் தூரம் மட்டுமல்ல. காற்றின் அடர்த்தியும் கூட. 3,000 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. இறக்கைக்கும் விசிறிக்கும் பிடித்துக்கொள்ளக் காற்று குறைவு, எஞ்சினுக்கு எரிக்கவும் குறைவு. வெப்பம் கூடினால் இது மேலும் மோசமாகும். நியமமாகக் கொள்ளும் வெப்பநிலை கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸ். அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 120 அடி உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விமானிகளின் மனக்கணக்கு.

இரணைமடு ஓடுபாதையில் 35 பாகை கொதிக்கும் ஒரு சித்திரை நண்பகலை இதில் போட்டுப் பாருங்கள். 20 பாகை மிகுதி, 2,400 அடி, அதாவது 730 மீற்றர். தரையில் நிற்கும்போதே விமானம் தன்னை மலையகத்து அப்புத்தளையின் பாதி உயரத்தில் இருப்பதாக உணரும். ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓடி, மெதுவாக ஏறும்.

பிஸ் செக்னாஸ், 2018 ஓகஸ்ட் 4

மேலே சொன்னவை எல்லாம் ஒரே பறப்பில் கூடியது சுவிற்சர்லாந்தில். 1939இல் கட்டப்பட்ட மூன்று எஞ்சின் கொண்ட யுங்கர்ஸ் யு-52 விமானம், லொகார்னோவிலிருந்து சூரிச்சுக்கு அருகிலுள்ள டூபென்டோர்ஃப் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் சுற்றுலாவின் திரும்பும் பயணம் அது. 17 பயணிகள், 3 பணியாளர். கோடை வெப்பம் கடுமையாக இருந்த மாலை. பிஸ் செக்னாஸ் மலையின் மேற்குப் பக்கத்தில், சுமார் 2,500 மீற்றர் உயரத்தில், விமானம் ஏறக்குறைய செங்குத்தாக விழுந்தது. 20 பேரும் இறந்தனர்.

விமானத்தின் வயது 79 என்றதும் காரணம் கிடைத்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். 2021 ஜனவரியில் வெளிவந்த சுவிஸ் விசாரணைச் சபையின் இறுதி அறிக்கை வேறொன்றைச் சொன்னது:

1. விமானம் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே, மாற்று வழி இல்லாத முறையில், மலைசூழ்ந்த பள்ளத்தாக்குக்குள் பறக்கவிடப்பட்டது.
2. அந்த இடத்துக்கு வேகம் அபாயகரமான அளவுக்குக் குறைவு.
3. மலையோரம் எதிர்பார்க்கக்கூடிய காற்றுக் கொந்தளிப்பு வந்தபோது ஈடுகொடுக்க உயரமும் இல்லை, வேகமும் இல்லை. கட்டுப்பாடு இழக்கப்பட்டது.
4. விமானத்தின் எடை மையம் அனுமதித்த எல்லையைத் தாண்டிப் பின்னால் இருந்தது. வால் கனத்த விமானம் ஸ்டாலிலிருந்து மீள்வது கடினம்.

பராமரிப்பில் குறைகள் இருந்ததும் கண்டறியப்பட்டது. கண்காணிக்க வேண்டிய அதிகாரிகளும் விமர்சிக்கப்பட்டனர். ஆனால் விமானத்தை வீழ்த்தியது அந்தக் குறைகள் அல்ல என்றது அறிக்கை. விமானிகள் இருவரும் விமானப்படையிலும் பயணிகள் விமானங்களிலும் நீண்ட காலம் பறந்தவர்கள். பாதுகாப்பு விதிகளை மீறிப் பறப்பது அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது என்பதே அறிக்கையின் கசப்பான வரி. நூறு தடவை தப்பிய பழக்கம் பாதுகாப்பானது போலவே தோற்றமளிக்கும். அனுபவசாலிகள் இதிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் அல்லர். என் கணிப்பில் அவர்களுக்கே இது கூடுதல் ஆபத்து, ஏனென்றால் தப்பிய தடவைகள் அவர்களிடமே அதிகம்.

அதே திகதியில் அலாஸ்காவின் டெனாலி மலைத்தொடரில் இன்னொரு சுற்றுலா விமானமும் விழுந்தது. விமானியும் நான்கு போலந்துப் பயணிகளும் இருந்தனர். மோதிய பின்னரும் விமானி செயற்கைக்கோள் தொலைபேசியில் தொடர்புகொண்டார். முகில் மூடியிருந்ததால் மீட்பவர்கள் நெருங்கவே நாட்கள் சென்றன. எவரும் பிழைக்கவில்லை.

முகிலுக்குள் இருக்கும் குன்று

இரண்டாவது பெரிய வகை இதற்கு நேர்மாறானது. விமானம் கட்டுப்பாட்டில் இருக்கும், எஞ்சினும் இறக்கையும் சரியாக இருக்கும். விமானி பார்க்காத ஒரு குன்றில் போய் மோதும்.

தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் நேபாளத்தில் இருக்கிறது. 2011 செப்டெம்பர் 25 காலை, புத்தா ஏர் நிறுவனத்தின் பீச்கிராஃப்ட் விமானம் எவரெஸ்ட்டைக் காட்டிவிட்டுக் கத்மண்டு திரும்பியது. தரையிறங்க வரும் வழியில், லலித்பூர் மாவட்டத்தின் கோட்டண்டாக் குன்றில் மோதியது. 19 பேர் இறந்தனர். அவர்களில் எட்டுப் பேர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள், திருச்சிக் கட்டுமானத் துறையினர். மழைக்கால முகில் தாழ்ந்து கிடந்தது. 6,000 அடியில் வர வேண்டிய விமானம் 5,000 அடியில் வந்தது. உலகின் மிக உயரமான மலையை அருகே பார்த்துவிட்டு, வெளியூரார் எவரும் பெயர் கேள்விப்படாத ஒரு குன்றில் முடிந்த பயணம்.

கண்ணால் பார்த்துப் பறப்பவர் முகிலுக்குள் நுழைந்தால் இரண்டு ஆபத்துகள் காத்திருக்கின்றன. ஒன்று குன்று. மற்றையது அவருடைய சொந்தக் காது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு, அடிவானம் கண்ணுக்குத் தெரியாதபோது பொய் சொல்லும். சரிந்து திரும்பும் விமானம் நேராகப் போவதாகத் தோன்றும். 1954இல் இல்லினோய் பல்கலைக்கழகம் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அவர்கள் கட்டுப்பாட்டை இழக்க எடுத்த சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம் கூட இல்லை.

முகில் தெரிந்தும் ஏன் போகிறார்கள்? 2015 ஜூன் 25இல் அலாஸ்காவில் விழுந்த ஒட்டர் கடல்விமானம் இதற்குப் பதில் தருகிறது. எட்டுப் பயணிகளும் ஒரு பயணக் கப்பலிலிருந்து இறங்கி வந்தவர்கள். கப்பல் புறப்படும் நேரத்துக்குள் அவர்களைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். மற்ற நிறுவனங்களின் விமானங்கள் பறக்கின்றன என்ற போட்டி வேறு. மோசமான வானிலையிலும் பறப்பதை மறைமுகமாக ஏற்றுக்கொண்ட நிறுவனப் பழக்கத்தை அமெரிக்க விசாரணைச் சபை காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவி அந்த விமானத்தில் இருந்தது. அதன் எச்சரிக்கை அடக்கி வைக்கப்பட்டிருந்தது. எப்போதும் தாழ்வாகப் பறக்கும் விமானத்தில் அது ஓயாமல் கத்திக்கொண்டிருக்குமல்லவா? ஒன்பது பேரும் இறந்தனர்.

கறுப்புப் பெட்டி எங்கே?

பெரும்பாலான சிறிய விமானங்களில் கறுப்புப் பெட்டி கிடையாது. சட்டம் அதைக் கட்டாயப்படுத்துவதுமில்லை. (இருக்கும் இடங்களிலும் அதன் நிறம் செம்மஞ்சள்.) பிஸ் செக்னாஸ் விமானத்திலும் இல்லை. பயணிகள் எடுத்த படங்கள், தரையில் நின்றவர்களின் வீடியோக்கள், ராடார் பதிவுகள் ஆகியவற்றைக் கோத்தே கடைசி நிமிடங்களை மீட்டெடுத்தார்கள். அதற்கு இரண்டரை ஆண்டு ஆனது.

சர்வதேச விதிப்படி முதற்கட்ட அறிக்கை 30 நாட்களுக்குள் வர வேண்டும். அதில் காரணம் இராது, நடந்தவை மட்டுமே இருக்கும். இறுதி அறிக்கைக்கு ஓராண்டு இலக்கு. இந்த விசாரணையின் நோக்கம் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பது. வழக்கும் நட்டஈடும் தனிப் பாதை. ஆகவே முதல் நாள் செய்தியில் காரணம் எழுதுபவர் யாராக இருந்தாலும் அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வன்னியின் வானத்தில் எது வேறுபடும்?

இந்தத் தீவில் மலையோரம் என்றால் மலையகம். 2020 ஜனவரி 3இல் விமானப்படையின் வை-12 கண்காணிப்பு விமானம் அப்புத்தளையில் விழுந்து நால்வர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். வன்னியில் மலை இல்லை. குளங்களையும் காட்டையும் கடனீரேரியையும் மேலிருந்து காட்ட ஒரு விமானம் வந்தால் அது பாதுகாப்பாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். ஒரு ஆபத்து நீங்குகிறது. வேறு சில வருகின்றன.

முதலாவது பறவை. இரணைமடு, முத்தையன்கட்டு, கட்டுக்கரைக்குளம், வங்காலைச் சரணாலயம் என்று பார்க்க அழகான இடமெல்லாம் நீர்ப்பறவைகளின் இடம். ஐந்து கிலோ எடையுள்ள கூழைக்கடா முன்கண்ணாடியில் மோதினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பறவைக் கூட்டங்கள் இடம்பெயர்வது விடியற்காலையிலும் மாலையிலும். படமெடுக்க ஒளி நன்றாக இருப்பதும் அப்போதுதான். நண்பகலில் பறந்தால் மேலே சொன்ன வெப்பமும், சூடேறிய வயல்வெளியிலிருந்து எழும் காற்றுக் குலுக்கமும்.

இரண்டாவது உயரம். மக்கள் செறிந்த இடத்துக்கு மேல் 300 மீற்றர், மற்ற இடங்களில் 150 மீற்றர் என்பது சர்வதேசக் குறைந்தபட்சம். எஞ்சின் நின்ற சிறிய விமானம் தான் இழக்கும் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு தூரம் மிதந்து செல்லும். 150 மீற்றரிலிருந்து 1.3 கிலோமீற்றர், நேரம் முக்கால் நிமிடம். அதற்குள் காடா, வயலா, குளமா என்று தீர்மானிக்க வேண்டும். அறுவடை முடிந்த வயல் வரப்போடு சேர்த்தும் காட்டைவிட மேல். 600 மீற்றரில் பறந்திருந்தால் தெரிவு நான்கு மடங்கு. யானையை அருகே பார்க்க ஆசைப்பட்டுக் கொடுப்பது இந்தத் தெரிவைத்தான்.

மூன்றாவது கம்பி. தொலைத்தொடர்புக் கோபுரம், மின்கம்பி, மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள். அலையில்லாத குளத்து நீரும் ஒரு பொறி: கண்ணாடி போன்ற நீர்ப்பரப்பில் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது.

டிக்கெட் எடுப்பதற்கு முன்

பயணியால் பறப்பைக் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் தரையில் நிற்கும்போது சிலவற்றைக் கேட்கலாம்.

1. பணம் வாங்கிப் பயணிகளை ஏற்ற இந்த விமானத்துக்கும் நிறுவனத்துக்கும் உரிமம் இருக்கிறதா? இலங்கையில் அதை வழங்குவது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. தனியார் விமானி 'செலவைப் பகிர்ந்துகொள்வோம்' என்று அழைத்துப்போவது வேறு விடயம்.
2. ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரையும் தராசில் நிறுத்தி இருக்கையைத் தீர்மானிக்கிறார்களா? எடை கேட்கிறார்களே என்று கோபிக்க வேண்டாம். கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.
3. உங்கள் காப்புறுதி இதற்குப் பொருந்துமா? நேர அட்டவணைப்படி ஓடும் பயணிகள் விமானத்துக்கு மட்டும் என்று பல ஒப்பந்தங்களில் சிறிய எழுத்தில் இருக்கும்.
4. வானிலை சரியில்லை என்று விமானி பாதியில் திரும்பினால் பணம் திரும்பக் கிடைக்குமா?

நான்காவது கேள்வி காசைப் பற்றியது போலத் தெரியும். பணத்தைத் திருப்பித் தரும் நிறுவனத்தில், திரும்பி வந்த விமானியைப் பயணிகள் முறைத்துப் பார்க்க மாட்டார்கள். 'மேலே போய்ப் பார்த்துச் சொல்கிறோம், பணம் மட்டும் திரும்பாது' என்று பதில் வந்தால், அந்த முகப்பிலேயே திரும்பிவிடலாம். அங்கே திரும்ப இடம் நிறைய இருக்கிறது.